மூச்சு இருபது

ஜூன் 12, புதன்

காலேஜ்ல அபிதா மேடம் கேட்ட டைரி வேற. அதுல "இன்று நான் கற்றது"ன்னு தலைப்புப் போட்டு, நல்ல பிள்ளையா நாலு வரி எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் கையெழுத்து வாங்கணும். இது அது இல்ல. இது என் மக சுகிர்தாவோட பழைய கெமிஸ்ட்ரி நோட்டு. பாதிக்கு மேல காலியா கெடந்தது, எடுத்துக்கிட்டேன். வாயில வர்றதை எங்கயாவது கொட்டணும்ல.

ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு. நாப்பத்தி நாலு வயசு, பத்தொம்பது வருஷ சர்வீஸ், அரசு ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் முப்பிடாதி, தோள்ல பையை மாட்டிக்கிட்டு ஆறேகால் பஸ்ஸுக்கு ஓடுறா. டிப்ளமோவோட வேலைக்கு வந்தவளுக்கு டிகிரி வேணும்னா இந்த ரெண்டு வருஷத்தை ஓட்டித்தான் ஆகணும். டிகிரி இல்லாம மேல போக முடியாது. எனக்குப் போகணும். ரிட்டயர் ஆகுற வரைக்கும் டிரிப் மாத்திக்கிட்டே இருக்க என்னால முடியாது.

இன்னைக்கு லேப்ல மேடம் ஒரு வேலை வெச்சாங்க. மேடத்துக்கு வயசு இருபத்தெட்டு. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நாலாப்பு படிச்சிருப்பாங்க. ரெண்டு ரெண்டு பேரா உட்கார்ந்து ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் ஒரு நிமிஷம் முழுசா எண்ணணுமாம். நாப்பது நர்ஸும் சிரிச்சுட்டோம். வார்டுல எத்தனை பேர் எண்ணி எழுதுறீங்க, உண்மையைச் சொல்லுங்கன்னாங்க. ஒரு கை எந்திரிக்கல.

விஷயம் இதுதான். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் வேணும், பி.பி.க்குப் பட்டை கட்டணும். மூச்சுக்கு ஒண்ணும் வேண்டாம், நெஞ்சு ஏறி இறங்குறதைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினாப் போதும். அறுபது பேருக்கு அறுபது நிமிஷம். எவகிட்ட இருக்கு? அதனால சார்ட்டுல எல்லாருக்கும், நோவு இல்லாதவ கணக்குல, 20. டிரெயினிங்ல சீனியர் சொல்லிக் கொடுக்கிற முதல் குறுக்குவழி அதுதான்.

என் வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா. இதையே புராஜெக்ட்டா பண்ணலாமே மேடம்னேன். அவங்க முகம் அப்படியே மலர்ந்துட்டுது. பண்ணுங்கன்னுட்டாங்க.

ஜூன் 21, வெள்ளி

புராஜெக்ட்டுக்கு எங்க ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருந்தே இருநூறு பழைய கேஸ் ஷீட் பார்க்கணும். பெர்மிஷன் லெட்டரோட பெண்கள் வார்டுக்குப் போனேன். ரெஜினாள் அக்காதான் இன்சார்ஜ். பதினோரு வருஷம் அவியளும் நானும் ஒரே வார்டுல கெடந்திருக்கோம். லெட்டரைப் படிச்சுட்டு, ஏட்டி நம்ம சோத்துல நம்மளே மண்ணைப் போடவான்னு சிரிச்சாவ. சிரிச்சுக்கிட்டே ஆர்.எம்.ஓ. டாக்டர் ரூமுக்கு அவியளே கூட வந்து கையெழுத்தும் வாங்கித் தந்தாவ. யார் பேரும் வராதுல்லாட்டின்னு மட்டும் ரெண்டு தரம் கேட்டாவ. வராதுக்கான்னேன்.

ஜூலை 3, புதன்

ரெக்கார்டு ரூம்ல ஃபேன் கிடையாது. தும்மித் தும்மி மூக்கு தக்காளி மாதிரி ஆயிட்டு. அஞ்சு ஷீட்டுக்கு ஒண்ணா உருவிப் பார்க்கணும்.

20. 20. 20. நெஞ்சு சளி கேஸ், 20. வயித்துவலி, 20. ஆஸ்துமாவுல உட்கார்ந்து இளைச்சுக்கிட்டு வந்த கிழவி, அதுக்கும் 20. சிரிச்சு முடியல. ஒருத்தி 20-ன்னு எழுதியிருக்கா, அந்த நேரத்துல நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கே போயாச்சு.

கையெழுத்தைப் பார்த்தாலே யாருன்னு தெரியுது. ரெஜினாள் அக்காவோட 2 வாத்து மாதிரி வளையும். என்னோட பூஜ்யத்துக்கு வாய் மூடாது, அவசரத்துல அப்படியே விட்டுருவேன்.

ஜூலை 5, வெள்ளி

நாப்பது ஷீட் முடிஞ்சுது. நாப்பத்தி ஒண்ணாவது எடுத்தேன், வெச்சுட்டேன். தலைவலி. மூணு மணி பஸ்ஸுக்கே வந்துட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

இட்லிக்கு அரைச்சேன். ஃபிரிட்ஜைக் கழுவினேன். கழுவின ஃபிரிட்ஜை மறுபடி துடைச்சேன். எங்க வீட்டுக்காரர் டெப்போவுல மெக்கானிக், அவியளுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் தூக்கம். பகல்ல ஹால்ல படுத்து உறங்கினாவ. பக்கத்துல உட்கார்ந்து மூச்சை எண்ணினேன். பதினாலு. திரும்ப எண்ணினேன், பதினாலுதான். கண்ணு முழிச்சவிய, ஏளா என்னை எதுக்குப் பொணத்தைப் பாக்குற மாதிரி பாக்கன்னு கேட்டாவ. எனக்கு வந்த கோவத்துல எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டேன்.

அந்த நாப்பத்தி ஒண்ணு. ஜெயக்கொடி, வயசு 31, கீழ ஆவாரங்குளம். 2022 நவம்பர். ரெண்டு நாள் காய்ச்சல்னு நடந்தே வந்து சேர்ந்திருக்கா. மூணாம் நாள் காலையில ஆறு மணிக்கு மூச்சு 20. பத்து மணிக்கு 20. ரெண்டு மணிக்கு 20. மூணரைக்கு டாக்டர் எழுதியிருக்காரு: மூச்சு 46, விரல் நீலம், உடனே ஐ.சி.யூ. மறுநா விடியக்காலையில செத்துப் போயிட்டா.

இருபதுல இருந்து ஒன்றரை மணி நேரத்துல நாப்பத்தாறுக்கு யாரும் போறதில்ல. காலையில இருந்தே ஏறிக்கிட்டுதான் இருந்திருக்கும். எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு டூட்டியில யாரு இருந்தான்னு நான் பார்க்கல. அது புராஜெக்ட்டுக்குத் தேவையும் இல்ல.

ஜூலை 9, செவ்வாய்

ஆராய்ச்சியில ஒரு வசதி இருக்கு. எதைச் சேர்க்கணும், எதைச் சேர்க்கக் கூடாதுன்னு முதல்லயே நாமளே விதி எழுதிக்கலாம். "இறந்த நோயாளிகளின் பதிவுகள் சேர்க்கப்படாது"ன்னு ஒரு வரி எழுதி மேடத்துகிட்ட நீட்டினேன். ஏன்னு கேட்டாங்க. இறந்தவங்க விஷயம், குடும்பத்துக்கு மனக்கஷ்டம், புராஜெக்ட்டுக்கு அனுமதி கொடுக்கிற கமிட்டியில கேள்வி வரும்னு அடுக்கினேன். நல்ல பாயிண்ட், யோசிச்சுப் பண்றீங்கன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்க.

சட்டப்படி நாப்பத்தி ஒண்ணு வெளிய. நிம்மதியா இருக்கணும். பஸ்ல உட்கார இடம் இருந்தும் நின்னுக்கிட்டே வந்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

இருநூறு முடிஞ்சது. நூத்தித் தொண்ணூத்தி நாலு ஷீட்ல ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் 20. நாலுல 22. ரெண்டு காலி. அந்தக் காலி விட்டவ ஒருத்திதான் பொய் சொல்லாதவ.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேத்துல இருந்து கிராமத்துப் போஸ்டிங். நீலச் சேலை, கையில பை. ஆளுக்கு அஞ்சு வீடு, நாலு வாரம், செவ்வாய்க்குச் செவ்வாய் அதே வீட்டுக்குப் போகணும். வீட்டுக்குள்ள போனதும் நியூஸ் பேப்பரை விரிச்சு அதுமேல பையை வைக்கணும், கை கழுவ இடம் கேட்கணும், அப்புறம் ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணணும். பத்தொம்பது வருஷம் கட்டில்ல படுத்த நோயாளியைப் பார்த்தவளுக்கு, நம்மளைப் பார்த்து நாயி குரைக்கிறது புது அனுபவம்.

ஊரு பேரைப் போர்டுல ரெண்டு தரம் படிச்சேன். கீழ ஆவாரங்குளம், அந்த நாப்பத்தி ஒண்ணோட ஊரு. அந்த ஊர்ல முந்நூறு வீடு இருக்கு, எனக்கென்னன்னு போனேன். மூணாவது வீடு.

பிச்சைக்கனி, அறுபத்திரெண்டு வயசு. மகன் லிங்கதுரை, டைல்ஸ் ஒட்டுற வேலை. பேத்தி ஒருத்தி, மூணாம் வகுப்பு. வீடு பெருக்கித் துடைச்சு சுத்தமா இருந்தது. ஃபாரத்துல ஒரு கேள்வி உண்டு: கடந்த அஞ்சு வருஷத்துல வீட்டில் யாரேனும் இறந்தனரா, காரணம் என்ன. மருமக ஜெயக்கொடின்னாவ. காரணம் என்னன்னு கேட்டேன்.

"லேட்டாக் கொண்டு போயிட்டோம்மா"ன்னாவ பிச்சைக்கனி. "நான்தான் ஒரு நா கஷாயம் குடுத்துப் பாப்போம்னேன்."

காய்ச்சல்னு எழுதினேன். பி.பி. 180/100. மாத்திரை வாங்கி வெச்சிருக்காவ, சாப்பிடுறதில்ல.

ஆகஸ்ட் 7, புதன்

வீட்டை மாத்திக் கொடுங்க மேடம், வெயில் ஒத்துக்கலைன்னு கேட்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே வெயில்தானேன்னாங்க.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

போனேன். பி.பி. பார்க்கிற சாக்குல கேட்டேன், மாத்திரையை ஏம்மா சாப்பிடலைன்னு. சாப்பிட்டு என்ன ஆகப்போகுதுன்னாவ. அப்புறம் தானாச் சொல்ல ஆரம்பிச்சாவ. நான் பட்டையை அவுக்காம உட்கார்ந்துட்டேன்.

மகன் ரெண்டு வருஷமா அவியகிட்டப் பேசுறதில்ல. ஒரே வீடு. சோத்துத் தட்டைப் பேத்திதான் கொண்டு போய் வைக்கணும். அவன் முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு சொன்னானாம், அவியதான் தடுத்தாவளாம். பொண்டாட்டி செத்த அன்னைக்கு, ஐ.சி.யூ. வாசல்ல அவன் அழுதுகிட்டு நின்னப்ப, மாஸ்க் போட்ட ஒரு நர்ஸம்மா அந்தப் பக்கமா வந்துச்சாம். "ஒரு நா முந்திக் கொண்டு வந்திருக்கலாம்ல"ன்னு சொல்லிட்டுப் போச்சாம். அவன் திரும்பி அம்மாவை ஒரு பார்வை பார்த்தானாம். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் அம்மான்னு ஒரு வார்த்தை இல்ல.

அந்த நர்ஸம்மா மேல எனக்குக் கோவம் இல்ல தாயி, உள்ளதத்தான சொல்லிச்சுன்னாவ. நான் பையைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்க என்ன எழுதினேன்னு எனக்கு ஞாபகம் இல்ல.

ஆகஸ்ட் 14, புதன்

சரி. எழுதிருதேன்.

பூஜ்யத்துக்கு வாய் மூடாத அந்த மூணு இருபதும் என்னோடது. காலை ஆறு மணிக்கு எழுத வேண்டியதையும் ஏழு மணிக்கு டூட்டி ஏறின நான்தான் எழுதினேன், முந்தின டூட்டிக்காரி விட்டுட்டுப் போனதுக்கு. டெங்கு சீசன். முப்பது கட்டில், அறுபத்தி நாலு பேரு, ரெண்டு நர்ஸு. மேஜையில உட்கார்ந்து எல்லா ஷீட்டையும் அடுக்கி வெச்சு வரிசையா 20 போட்டேன். அவ முகத்தை நான் பார்த்தேன், அதுதான் கொடுமை. பத்து மணிக்கு டிரிப் போடப் போறேன், அவ தலைமாட்டுல துணிப்பையைச் சுருட்டி வெச்சு உட்கார்ந்திருக்கா. படுக்க முடியல சிஸ்டர்னா. டிரிப் ஓடணும்ல, ஒழுங்காப் படுன்னு பையை உருவிக் கீழ வெச்சேன்.

படுக்க முடியலைன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், முதல் வருஷப் பிள்ளைக்கே தெரியும்.

ஐ.சி.யூ. வாசல்ல அந்த வார்த்தையைச் சொன்னதும் நான்தான். அது நாங்க எல்லாரும் தினம் சொல்ற வார்த்தை. யாரு செத்தாலும் லேட்டாக் கொண்டு வந்துட்டீங்கம்போம். சொல்லிட்டா நம்ம மேல ஒண்ணும் இல்லைன்னு ஆயிரும். நான் அன்னைக்கு அதை அவுங்களுக்காகச் சொல்லல. எனக்காகச் சொன்னேன். எனக்கு அன்னைக்கே தெரியும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். போன உசிரு திரும்பி வராது, நீ போய்ச் சொன்னா அவன் வெட்டரிவாளை எடுப்பான், இல்ல மனுவை எடுப்பான், ரெண்டுல எதுன்னாலும் நமக்குத்தான் கேடுன்னாவ. தப்பாச் சொல்லல. சுகிர்தா பிளஸ் டூ. என் வேலை போனா இந்த வீடு ஆட்டம் கண்டுரும்.

ரெஜினாள் அக்காவுக்குப் போன் போட்டேன். முதல்ல திட்டினாவ, நீ சொல்றது உன்னோட நிக்காதுட்டி, வார்டுல இருக்கிற அத்தனை பேரையும் இழுத்து விடும்னாவ. அப்புறம் குரல் எறங்கிப் போச்சு. "நானும் இருபதுதான்ட்டி எழுதுவேன். எனக்கும் ஒரு ஜெயக்கொடி இருப்பா. யாருன்னு எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்"ன்னு சொல்லி வெச்சுட்டாவ.

துவைச்சு மடிச்ச துணியை எல்லாம் அவுத்து மறுபடி மடிச்சேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சொல்லணும்னு போனேன். உப்பைக் குறைங்க, ஊறுகாய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன். தூ.

பி.பி. 190/110.

ஆகஸ்ட் 22, வியாழன்

மேடத்துகிட்டச் சொன்னேன். அந்த விதியை எடுத்துருவோம், நாப்பத்தி ஒண்ணையும் சேர்ப்போம்னேன். பாவம், பயந்துட்டாங்க. கதவைச் சாத்திட்டு வந்து உட்கார்ந்தாங்க. கமிட்டி, பெர்மிஷன் ரத்து, உங்க டிகிரி, என் வேலைன்னு விரல் விட்டு அடுக்கினாங்க. புராஜெக்ட்டைத் தொடாதீங்க, அக்டோபர்ல வைவா பரீட்சை முடியட்டும், அப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க, நான் இதைக் கேட்கவே இல்லைன்னாங்க.

எல்லாரும் சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா அடுத்த செவ்வாய் கடைசி விசிட். அந்த அம்மாவுக்கு 190. அவிய மாத்திரை சாப்பிடாததுக்குக் காரணம் உப்பு இல்ல. வைவா முடியுற வரைக்கும் அந்த உடம்பு தாங்குமா? எனக்கு இருப்புக் கொள்ளல.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுதேன்.

இன்னைக்கு லிங்கதுரை வீட்டுல இருந்தாரு. கால்ல டைல்ஸ் துண்டு வெட்டி, பழைய துணியைச் சுத்தி உட்கார்ந்திருந்தாரு. அந்த அம்மா கொல்லையில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தாவ. பேத்தி பள்ளிக்கூடம் போயிட்டா. பேப்பரை விரிச்சேன், பையை வெச்சேன், கையைக் கழுவினேன். காலைக் காட்டுங்கன்னு துணியை அவுத்துப் புண்ணைத் துடைக்க ஆரம்பிச்சேன். கை வேலையில இருந்தாத்தான் எனக்கு வாய் வரும். அப்படித்தான் வந்துச்சு.

ஜெயக்கொடி இருந்த வார்டுல நான் நர்ஸுன்னேன். அன்னைக்குப் பகல் டூட்டி என்னோடதுன்னேன். மூச்சை எண்ணாம எண்ணினதா எழுதினதைச் சொன்னேன். படுக்க முடியலைன்னு அவ சொன்னதையும், நான் அதட்டினதையும் சொன்னேன். அவரு காலை இழுக்கல. பெருவிரல் மட்டும் விறைச்சுப் போச்சு.

"எத்தனை மணியில இருந்து?"ன்னாரு.

"காலையில இருந்தே இருந்திருக்கும். நாங்க பார்த்தது மூணரைக்கு."

"அப்ப எங்கம்மா ஒரு நா நிறுத்தி வெச்சது?"

"ரெண்டு நாள் காய்ச்சலோட எல்லாரும்தான் வாறாங்க. அவ நடந்து வந்தா. எங்க கைக்கு வந்தப்ப நல்லாத்தான் இருந்தா. நான் எண்ணியிருந்தா பிழைச்சிருப்பாளான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா லேட் ஆனது உங்க வீட்டுல இல்ல, எங்க வார்டுல. உங்ககிட்ட அன்னைக்கு அப்படிச் சொன்ன நர்ஸும் நான்தான். அது பொய்."

அப்பதான் காலை உருவினாரு. பஞ்சு தரையில விழுந்துச்சு. அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சா வாங்கிக்கணும்னுதான் உட்கார்ந்திருந்தேன். சுவரையே பார்த்துக்கிட்டு, நான் மனு கொடுப்பேன்னாரு. கொடுங்கன்னேன். என் பேரு, வார்டு, தேதி, கேஸ் ஷீட் நம்பர் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அவர் பக்கத்துல வெச்சேன். நாளைக்குப் போய் அந்த விதியை அடிச்சுட்டு நாப்பத்தி ஒண்ணையும் சேர்க்கணும்னு அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன். டிகிரி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். கட்டு போட விடுங்க, மண்ணு படும்னேன். வேண்டாம், எந்திரிச்சுப் போங்கன்னாரு.

பையைக் கட்டினேன். கண்ணு தெரியல, அழுதுகிட்டுதான் கட்டினேன். நான் வாசலுக்குப் போறதுக்குள்ள அவரு சுவரைப் பிடிச்சு எந்திரிச்சாரு. ரத்தக் காலோட நொண்டி நொண்டிக் கொல்லைக் கதவு வரைக்கும் போய், நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"அம்மா"ன்னாரு.

பிச்சைக்கனி கையில சாம்பலோட நிமிர்ந்து பார்த்தாவ. மகனைப் பார்த்தாவ. அப்புறம் தனக்குப் பின்னால யாரும் நிக்காவளான்னு திரும்பிப் பார்த்தாவ. யாரும் இல்ல. அவரைத் தாண்டி, வாசல்ல நின்ன என்னைப் பார்த்துக் கேட்டாவ.

"என்னையவாம்மா கூப்பிடுதான்?"